மாப்பிள்ளை காரின் இன்டர்கூலர் குறித்துச் சில விளக்கங்கள்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மதிப்பும் அன்பும் நிறைந்த சிவகிரி ஜெபசுந்தர் அண்ணாச்சி அவர்களுக்கு, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஏசுதாசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் என் மனைவி தங்கபாயும் மகன் ஷெர்வினும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டு அம்மாவும் மகள் எஸ்லினும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வெயிலில் தென்னைக்குத் தண்ணீர் தட்டில்லாமல் கிடைக்கிறதா? தங்கள் வீட்டு கேட்டையும் இந்நேரம் நிமிர்த்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நாங்கள் தங்கள் மகளைப் பெண் பார்க்க வந்து திரும்பிய அன்று, தாங்கள் வாசல் வரை வந்து, "ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம்" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஜெபத்துக்குக் குறுக்கே நிற்கிறவன் நான் அல்ல. ஆனால் முழு விவரமும் தெரிந்து ஜெபித்தால் ஜெபம் சீக்கிரம் முடியும் என்பது என் அபிப்பிராயம். அன்றைக்குக் கண்ணால் பார்த்ததை வைத்து என் மகனைப் பற்றித் தாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அது தவறான முடிவு. போனில் சொல்லக்கூடிய விஷயம் இது இல்லை. ஆகவே இன்டர்கூலர் சமாச்சாரத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசிக்கவும்.

ஷெர்வின் கோவில் வாசல் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பது தங்களுக்குத் தெரியும். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, அந்தச் சிவப்புக் கார் ஒன்றைத் தவிர. அதை ஒரு டாக்டரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினான். டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. வாங்கினவன் சும்மா ஓட்டியிருக்கலாம். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டரை மாட்டி, எஞ்சினின் மூளையில் என்னவோ மாற்றி எழுதவைத்தான். ரீமேப் என்று பெயர். பின்னால் புகைக்குழாயையும் மாற்றினான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. அதற்கே வண்டி நல்ல பிக்கப் எடுத்தது. ஆனால் இந்தச் சித்திரை வெயிலில் மேலநீலிதநல்லூர் ரோட்டில் ரெண்டு லாரியை ஓவர்டேக் பண்ணினால் மூன்றாவது லாரிக்கு இழுவை இல்லை. மாட்டுவண்டிபோல் பின்னாலேயே போகும். "இன்டர்கூலரு சின்னதுப்பா, சூட்டுல திணறுது. மாத்தணும்" என்றான்.

இன்டர்கூலர் என்றால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, நானும் கேட்டேன். டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான். அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதேதான். சூட்டுக் காற்றில் எஞ்சினுக்குத் தெம்பு வராது. அதனால் நடுவில், ஓட்டை ஓட்டையாகத் தகடு வைத்த ஒரு பெட்டி வழியே விட்டு, வண்டி ஓடுகிற எதிர்காற்றில் ஆறவைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிதான் இன்டர்கூலர். காப்பியை டம்ளருக்கும் வட்டாவுக்கும் மாற்றி ஆற்றுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீமேப் பண்ணின பிறகு டர்போ முன்னைவிட அதிகமாக அமுக்குகிறது, கம்பெனி கொடுத்த சின்னப் பெட்டி போதவில்லை. இதுவரைக்கும் எனக்கும் ஷெர்வினுக்கும் ஒரே கருத்து.

எவ்வளவு பெரிய பெட்டி என்பதில்தான் பேச்சு வந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரம். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, "பழைய இடத்துலயே உக்காருத மாதிரி, கொஞ்சம் தடிமனா ஒண்ணு இருக்குப்பா. பம்பர வெட்ட வேண்டாம். நாம செஞ்சிருக்கது சின்ன மாத்தம்தான், அதுக்கு இது போதும். ரொம்பப் பெருசாப் போட்டா உள்ள காத்து நிரம்புறதுக்கே நேரமாகும், ரேடியேட்டருக்கு வர காத்தையும் மறைச்சிரும்" என்றான். மனப்பாடம் பண்ணினதுபோல் இருந்தது. "இத யாருலே ஒனக்குச் சொன்னா?" என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க" என்றான். நான் வாழ்நாளெல்லாம் டிரான்ஸ்பார்மரோடு கிடந்தவன் அண்ணாச்சி. டிரான்ஸ்பார்மரின் ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரித் தகடு நிற்குமே, பார்த்திருப்பீர்கள். அதில்தான் உள்ளே இருக்கிற எண்ணெய் ஆறுகிறது. தகடு எவ்வளவு பெரிசோ அவ்வளவு குளிர்ச்சி. எந்த டிரான்ஸ்பார்மரும் என்னிடம் வந்து எனக்குத் தகடு ஜாஸ்தியாப் போச்சு என்று புகார் சொன்னதில்லை. ஆகவே, "சொன்னவன் எவனோ வண்டியோட முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியாத பய. பெருசாப் போடுலே!" என்று சத்தமாகச் சொன்னேன். அப்போதுதான் மேஜைமேல் கிடந்த போனைத் தங்கபாய் எட்டிப் பார்த்தாள். லைன் கட்டாகவே இல்லை. ஸ்பீக்கரிலும் போட்டிருந்தது. மேலே தங்கள் மகள் பெயர் இருந்தது.

போட்டோ மாற்றின பிறகு பிள்ளைகள் போனில் பேசிக்கொள்வது இப்போது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. எஸ்லின் சென்னையில் ரேடியேட்டர் செய்கிற கம்பெனியில், அதுவும் சோதனை பார்க்கிற பிரிவில் எஞ்சினியர் என்று பயோடேட்டாவில் எழுதித்தான் இருந்தது. நான் பயோடேட்டாவில் சபை, படிப்பு, உயரம் இவ்வளவும்தான் பார்த்தேன். நான் திட்டினது பொதுவாக ஒரு ஆளை. தங்கள் மகளை அல்ல. இதை முதற்கண் பதிவு செய்துகொள்ளவும்.

திட்டினது திட்டினதாக இருக்கட்டும், கொள்கை கொள்கைதானே. மறுநாளே வண்டியை ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற காசிராஜன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். காசிராஜன் டிராக்டரும் லோடு வேனும் பார்க்கிறவன். என்னைப்போலவே தைரியசாலி. மதுரையில் உடைத்த லாரியிலிருந்து ஒரு இன்டர்கூலர் வாங்கி வந்தான். நிறுத்திவைத்தால் என் இடுப்பு உயரம். "அண்ணாச்சி, இது லாரியையே குளுகுளுன்னு வச்சிருந்த சாமான். இந்தச் சின்னக் காரு இதுக்கு எம்மாத்திரம்?" என்றான். எனக்கு அவன் பேச்சு பிடித்துப்போனது. கிரைண்டர் போட்டுப் பம்பரை வெட்டினோம். ஹாரன் இடித்தது, கழற்றினோம். பனி விளக்கு இடித்தது, அதையும் கழற்றினோம். நம்பர் பிளேட்டை நூல் பிடித்தாற்போல ஒரு ஓரத்தில் கம்பி வைத்துக் கட்டினோம். மீந்த சாமானையெல்லாம் காசிராஜன் ஒரு சாக்கில் போட்டுக் கையில் கொடுத்தான். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்த ஷெர்வின் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். இன்னொரு தடவையும் சுற்றினான். பிறகு, "சரிப்பா" என்றான். அவன் அப்படித்தான். சின்னப் பிள்ளையில் விளக்கெண்ணெய் கொடுத்தாலும் சரிப்பா என்று குடித்துவிடுவான். அன்று லேசாகத் தூறல் போட்டு நல்ல குளிர்காற்று வீசியது. ஓட்டிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பியது. பெரிய ஆட்கள் எல்லாருமே யோசித்துத்தானே கிளம்புவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்ததால் நல்ல வெயிலில்தான் கிளம்பினோம். ஷெர்வின் ஓட்டுகிறான், முன் சீட்டில் எங்கள் சபைப் போதகர் ஐயரவாள், பின்னால் நானும் தங்கபாயும் மடியில் பழத்தட்டுகளும். புளியங்குடிக்கு இந்தப் பக்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறி ஆடு வந்தது. ஹாரன் சாக்கில் இருக்கிறது, சாக்கு வீட்டில் இருக்கிறது. நான் கையைத் தட்டினேன், அசையவில்லை. ஐயரவாள் கண்ணாடியை இறக்கி, பண்டிகை நாள் பிரசங்கக் குரலில் "ஏய், ஒதுங்குங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டார்கள். ஆடெல்லாம் பயபக்தியாக அப்படியே நின்றுவிட்டது. நடு ரோட்டில். ஆடு மேய்க்கிறவர் வந்து ஒவ்வொன்றாக விரட்டி முடிக்கிற வரைக்கும் வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டே நின்றது. அங்கனதான் சூட்டு முள் மேலே ஏற ஆரம்பித்தது.

"அப்பா, ரேடியேட்டருக்குக் காத்தே வரல. முன்னால முழுசா மறைச்சிருக்கு" என்கிறான். "ஏ.சி.ய அமத்துலே" என்றேன், அமர்த்தினான். முள் இறங்கவில்லை. எனக்கு ஒரு யோசனை உண்டு அண்ணாச்சி, எஞ்சின் சூட்டை வண்டிக்குள் இழுத்துவிட்டால் எஞ்சின் ஆறும். "ஹீட்டரப் போடு" என்றேன். இது நிஜமான வைத்தியம், தாங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். முள்ளும் ஒரு நூல் இறங்கத்தான் செய்தது. ஆனா உள்ளே இருந்த எங்க கதியக் கேக்காதீங்க. தங்கபாய் மடியில இருந்த ஆப்பிள் வெந்த வாசம் அடிக்கி. ஐயரவாள் வெள்ளைச் சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. கொஞ்ச நேரம் கண்ண மூடி இருந்துட்டு, "ஏசுதாசன், நாம சிவகிரிக்குத்தானே போறோம்?" என்று ரொம்பச் சாந்தமாக் கேட்டாங்க. அவங்க வேற எந்த இடத்த நெனச்சாங்கன்னு எனக்குத் தெரியும்.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு நேரா வரும்போது டமார்னு ஒரு சத்தம். மார்க்கெட்டே திரும்பிப் பாத்துட்டு. டயர் இல்ல. லாரி சாமானுக்கும் கார் சாமானுக்கும் நடுவுல காசிராஜன் மாட்டியிருந்த ரப்பர் குழாய் தெறிச்சுப் போச்சு. அது கழண்டுட்டா டர்போ அமுக்குத காத்து பூரா ரோட்டுக்குத்தான் போகும், எஞ்சினுக்கு வராது. வண்டி இருமிக்கிட்டே ஓரமா நின்னுச்சு. தாவூதுன்னு ஒரு எலுமிச்சை வியாபாரி, நல்ல மனுஷன், வேன்ல மூடை ஏத்திக்கிட்டு நின்னவரு ஓடி வந்தாரு. பழத்தட்டையும் ஐயரவாளையும் மாறி மாறிப் பாத்துட்டு, "பொண்ணு பாக்கப் போறீகளா? நா ராஜபாளையத்துக்குத்தான் போறேன், சிவகிரி வழியில இருக்கு. கட்டி இழுத்துருவோம், ஏறுங்க" என்றாரு. ஐயரவாளும் தங்கபாயும் வேன் முன்னால. நான் பின்னால எலுமிச்சை மூடை மேல. ஷெர்வின் மட்டும் கார்ல ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு, கயித்துல. வாசுதேவநல்லூர்ல ஒரு பஸ் முழுக்க எங்களப் பாத்துச் சிரிச்சாங்க. நான் கையக் காட்டிட்டு வந்தேன். சிரிக்கிறவங்களுக்குக் கை காட்டிட்டா அதோட விட்டுருவாங்க.

அதுக்குப் பிறகு நடந்தது நீங்க பாத்ததுதான், இருந்தாலும் என் பக்கத்தச் சொல்லணும்லா. வேன் உங்க வீட்டு வாசல்ல நின்னுச்சு. எஞ்சின் ஓடாத வண்டில பிரேக் சரியாப் பிடிக்காது. கார் மெதுவா, மரியாதையாத்தான் வந்து உங்க கேட்டுல முட்டுச்சு. பம்பர் கழண்டு விழுந்தது. நீங்களும் உங்க கூடப்பிறந்த அண்ணாச்சியும் சொந்தக்காரங்களும் பசியோட வாசல்ல நிக்கீங்க. நான் மூடை மேல இருந்து எறங்குதேன், மேலெல்லாம் எலுமிச்சை வாசம். எஸ்லின் வந்தா. மாப்பிள்ளையப் பாக்கல. நேரா வண்டி முன்னால வந்து குனிஞ்சு பாத்தா. "இது எந்த வண்டிக்கு உள்ளது?"ன்னு கேட்டா. பாத்தவுடனே கண்டுபிடிச்சுட்டா. "யாரு இதப் போடச் சொன்னது?"ன்னா. நான் பெருமையா வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ஷெர்வின் கார விட்டு எறங்கி, "நான்தான்" என்றான்.

அண்ணாச்சி, அந்தப் பயலுக்குப் பொய் சொல்ல வராது. மருந்துக் கடையிலகூட, இது கசக்கும் என்று முதலிலேயே சொல்லித்தான் விற்பான். அப்படிப்பட்டவன் சட்டையெல்லாம் நனைந்து, முகம் கறுத்து, எல்லாருக்கும் முன்னால் நான்தான் என்று நிற்கிறான். உங்கள் அண்ணாச்சி சாப்பாட்டு நேரத்தில், "லாரி சாமானக் கார்ல வைக்கவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்கது?" என்று உங்கள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. அவன் அதையும் கேட்டுக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குத் தோசை இறங்கவில்லை. ஹீட்டர் சூட்டில் வந்திருக்கும் என்று தங்கபாயிடம் சொன்னேன்.

ஆகவே நான் இதன்மூலம் அறிவிப்பது என்னவென்றால், அந்த இன்டர்கூலரைத் தேர்ந்தெடுத்தது நான், வாங்கியது நான், பம்பரை வெட்டச் சொன்னது நான். இதை வருத்தத்தோடு எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். கொள்கையில் ஒரு பிழையும் இல்லை, ரப்பர் குழாய்தான் சரியில்லை. ஷெர்வின் கேட்டது சின்னப் பெட்டி. பெரிசைத் தேர்ந்தெடுத்த பெருமையை அவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவனைப் பற்றி நீங்கள் ஜெபிக்கும்போது லாரி சாமானைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மேலும் ஒரு நல்ல செய்தி. நான் சும்மா இருக்கவில்லை, இதற்குள் நன்றாகப் படித்துவிட்டேன். காற்றால் ஆற்றுகிற இன்டர்கூலர்போலத் தண்ணீரால் ஆற்றுகிற இன்டர்கூலரும் உண்டு. பெட்டி சின்னதுதான், முன்னால் ஒன்றையும் மறைக்காது. தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு இழுவை. காசிராஜனும் நானும் யோசித்து, டிக்கியில் மீன்காரர்கள் வைக்கிற பெட்டி ஒன்றை வைத்து ஐஸ் நிரப்பி, அந்தத் தண்ணீரையே மோட்டார் போட்டுச் சுற்றவிடுவது என்று முடிவு பண்ணியிருக்கிறோம். சிவகிரி வந்து சேருகிற வரைக்கும் ஐஸ் தாங்கும், அதற்கு நான் பொறுப்பு. திரும்புவதற்கு ஐஸ் தங்கள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரித்து வையுங்கள். வருகிற சனிக்கிழமை அதில் நேரில் வந்து தங்கள் பதிலைக் கேட்டுக்கொள்கிறேன். ஐயரவாளையும் கூப்பிட்டேன். அவர்கள் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள்.

தங்கள் இல்லத்தில் சமாதானமும் ஆரோக்கியமும் குறைவின்றித் தங்கியிருக்கவும், தங்கள் மகளின் கையைப் பற்றுகிறவன் நல்லவனாக இருக்கவும் (அவன் நல்லவன்தான்) அனுதினமும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
ஏசுதாசன்

பின்குறிப்பு: இதை உறையில் வைத்து ஒட்டிவிட்டு, ஐஸ் பெட்டிக்கு அளவு கொடுக்க, வண்டி நிற்கிற காசிராஜன் பட்டறைக்குப் போனேன். உறையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். அங்கே லாரி இன்டர்கூலர் தரையில் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து காசிராஜன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கார் அடியிலிருந்து, சென்னைக்குத் திரும்பாமல் லீவை நீட்டியிருக்கிற தங்கள் மகள் வெளியே வந்தாள், கை முழுக்கக் கரி. பக்கத்தில் ஷெர்வின் ஸ்பேனரை நீட்டிக்கொண்டு நின்றான். பழைய இடத்திலேயே, கொஞ்சம் தடிமனான அந்தச் சின்னப் பெட்டியை மாட்டி முடித்துவிட்டார்கள். புதுப் பம்பரும் வந்துவிட்டது. ஹாரனும் ஏறிவிட்டது. "வாங்க மாமா, ஓட்டிப் பாப்போம்" என்று என்னை முன் சீட்டில் ஏற்றினாள். உச்சி வெயிலில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, புளியங்குடி வரை போய்த் திரும்பினோம். எத்தனை லாரியை முந்தினோம் என்று எனக்குத் தெரியாது, பாதியில் கண்ணை மூடிவிட்டேன். சூட்டு முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இந்த வண்டிக்கு இவ்வளவு போதும் என்பது இப்போது என்னுடைய கருத்தும்கூட. ஐஸ் விசாரிக்க வேண்டாம்.

இன்னொன்று. தாங்கள் போன வாரமே சம்மதம் சொல்லியாயிற்றாமே! வண்டி சரியாகிறவரைக்கும் என்னிடம் சொல்லக்கூடாது என்று தடுத்தது தங்கபாய். சொல்லியிருந்தால் அன்றைக்கே லாரி இன்டர்கூலரோடு தங்களுக்கு நன்றி சொல்லக் கிளம்பியிருப்பேனாம். கிளம்பியிருப்பேன்தான். ஷெர்வின்மேல் குற்றமில்லை என்று தங்களுக்கு எழுதியிருப்பதாக எஸ்லினிடம் சொன்னேன். சிரித்தாள். "யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதா மாமா? எல்லாருக்கும் முன்னால அவங்க 'நான்தான்'னு சொன்னாங்கள்லா, அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி அடித்தது, கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

எனவே சம்பந்தி, மேலே எழுதியதில் ஸ்தோத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். கல்யாண அறிவிப்பு ஓலையை வருகிற ஞாயிறு எங்கள் சபையில் முதல் தடவை வாசிக்கிறார்கள், குடும்பத்தோடு வந்துவிடுங்கள். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், தங்கள் மகளே வண்டியில் கூட்டிவருகிறாளாம். தாங்கள் பின் சீட்டில் உட்காருவது நல்லது.